ஆள் ஒரு பக்கம், துப்பாக்கி ஒரு பக்கம்

கிரீட் தீவுக்கும் ஆகாய மார்க்கத்துக்கும் புராண காலத்திலிருந்தே ஜாதகம் பொருந்தவில்லை. டெடாலஸ் என்கிற கில்லாடி, தன்னை அடைத்து வைத்த ராஜாவிடமிருந்து தப்பிக்க, இறகும் மெழுகும் வைத்துச் சிறகு செய்தார். மகன் இகாரஸ் அதை மாட்டிக்கொண்டு, அப்பா பேச்சைக் கேட்காமல் சூரியன் பக்கம் போய், மெழுகு உருகிக் கடலில் விழுந்தான். அது தீவிலிருந்து வெளியே பறந்தவர்கள் கதை. இரண்டாம் உலகப்போரில், 1941 மே 20 காலையில், ஜெர்மன்காரர்கள் உள்ளே பறந்து வந்தார்கள். இகாரஸ் விழுந்தது கணக்குத் தப்பி. இவர்கள் விழுந்தது மீட்டிங் போட்டு, ஃபைலில் கையெழுத்து வாங்கி, ஆயிரக்கணக்கில்.

பாராசூட்டில் சுமார் பத்தாயிரம் பேர். கிளைடரில் 750 பேர். கிளைடர் என்றால் இன்ஜினே இல்லாத விமானம். இன்னொரு விமானம் கயிறு கட்டி இழுத்து வந்து, இடம் நெருங்கியதும் கழற்றிவிடும். அப்புறம் உங்கள் பாடு, புவியீர்ப்பு விசையின் பாடு. இவர்கள் ஓடுதளத்தைப் பிடித்ததும் மலைப்படை விமானத்தில் சொகுசாக வந்து இறங்கும் என்பது ஏற்பாடு. ஒரு பெரிய தீவை மேலேயிருந்து ஆளைக் கொட்டியே பிடித்துவிடலாம் என்று யாராவது நினைத்தது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. ராணுவக் கல்லூரிகளில் இதைப் பயபக்தியோடு பாடம் நடத்துகிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டு தரப்புமே தோற்பதற்காக ராத்திரி பகலாக உழைத்திருப்பது தெரியும். கடைசித் தப்பைச் செய்தது பிரிட்டிஷ் தரப்பு. அதனால் ஜெர்மனி ஜெயித்தது.

இதற்கெல்லாம் மூல காரணம் ஹெர்மன் கோரிங்கின் வாய். ஜெர்மன் விமானப்படையின் தலைவர். உடம்பும் பெரிசு, பேச்சும் பெரிசு, நெஞ்சில் குத்தியிருந்த மெடல்கள் அதைவிடப் பெரிசு. 1940இல் பிரிட்டனை வானத்திலிருந்தே மண்டி போட வைக்கிறேன் என்று ஹிட்லரிடம் சவால் விட்டு, முடியாமல் திரும்பியவர். அவருக்கு அவசரமாக ஒரு வெற்றி தேவைப்பட்டது. தரைப்படைக்காரன் பங்கு கேட்காத வெற்றியாக இருந்தால் இன்னும் விசேஷம். அந்த நேரம் பார்த்து ஒரு ஜெனரல், கையில் ஒரு மேப்போடு வந்து நின்றார்.

பெயர் குர்ட் ஸ்டூடெண்ட். ஐம்பது வயதிலும் ஸ்டூடெண்ட். ஜெர்மன் பாராசூட் படையை அங்குலம் அங்குலமாக வளர்த்தவர் இவர்தான். ஓர் ஆண்டுக்கு முன் ராட்டர்டாமில் டச்சுக்காரர்கள் சரணடைந்து, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோது தலையில் குண்டு வாங்கினார். சுட்டது எதிரி இல்லை. அப்போதுதான் ஊருக்குள் வந்த சொந்த நாட்டு எஸ்.எஸ். ஆசாமிகள். பிழைத்தெழுந்த மனிதர், மறுபடியும் வானத்திலிருந்து குதிப்பதைப் பற்றியே கனவு கண்டார் என்றால் வைராக்கியத்தைப் பாருங்கள். தான் குதிப்பதைப் பற்றி அல்ல. மற்றவர்கள் குதிப்பதைப் பற்றி.

ஹிட்லருக்குப் பெரிய ஆர்வமில்லை. மனசெல்லாம் ரஷ்யாவில். இருந்தாலும் கிரீட்டில் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் வந்து உட்கார்ந்தால் ருமேனியாவின் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆபத்து. ஏப்ரல் 25 அன்று கையெழுத்துப் போட்டார். கூடவே ஒரு கண்டிஷன்: என் ரஷ்ய வேலை ஒரு நாள்கூடத் தள்ளிப் போகக் கூடாது. பட்ஜெட் கிடையாது, டைம் கிடையாது, ரிசல்ட் மட்டும் வேண்டும் என்று சொல்லும் முதலாளிகள் புதிதாக முளைத்தவர்கள் இல்லை.

பிளானில் முதல் நாளே சண்டை. ஸ்டூடெண்டின் சித்தாந்தம் கோலம் போடுவது மாதிரி. அங்கங்கே புள்ளி வைத்த மாதிரி ஆளை இறக்கி, பிறகு இழுத்து இணைத்துவிடலாம். ஏழு புள்ளி கேட்டார். அவருக்கு மேலதிகாரியான ஜெனரல் லோர், ஒரே இடத்தில் மொத்தப் பலத்தையும் போடு என்றார். கோரிங் பஞ்சாயத்து செய்து நாலு புள்ளியில் முடித்தார்: காலையில் மாலெமே, ஹானியா, மதியம் ரெதிம்னோ, ஹெராக்லியோன். இரண்டு பேருக்கும் திருப்தி இல்லை என்பதால் நியாயமான தீர்ப்பு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்து உளவுத்துறை. அட்மிரல் கனாரிஸின் ஆட்கள் துப்பறிந்து சொன்னது: தீவில் எதிரிப் படை 5,000 பேர்தான். உண்மையில் பிரிட்டிஷ், நியூசிலாந்து, ஆஸ்திரேலிய, கிரேக்கப் படைகள் எல்லாம் சேர்ந்து 40,000க்கும் மேல். எட்டில் ஒரு பங்கு சரியாகச் சொல்லியிருக்கிறார்கள், பாராட்ட வேண்டாமா? அதோடு நிறுத்தவில்லை. கிரீட் ஜனங்கள் ஜெர்மன்காரர்களை வரவேற்கத் தயாராக இருக்கிறார்களாம். வந்து 'மேஜர் போக்' என்று ரகசிய வார்த்தை சொல்வார்களாம். தீவில் இறங்கியவர்கள் அந்த ஜனங்களிடமிருந்து பல வார்த்தைகளைக் கேட்டார்கள். மேஜர் போக் அவற்றில் இல்லை.

சரி, போகிறவர்களை எப்படி அனுப்பினார்கள்? இங்கேதான் ஜெர்மன் இன்ஜினியரிங் மேல் நாம் வைத்திருக்கும் பக்தி லேசாக ஆட்டம் காண்கிறது. அவர்களுடைய பாராசூட்டின் கயிறெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஒரே இடத்தில் சேரும். கையால் பிடித்து இழுத்துத் திசை திருப்ப வழியில்லை. காற்று எங்கே கொண்டுபோய்ப் போடுகிறதோ அங்கே. முன்பக்கம் கவிழ்ந்த வாக்கில் வந்து, கையையும் முழங்காலையும் ஊன்றித்தான் தரையைத் தொட வேண்டும். அதற்கென்றே தடியான முழங்கால் உறை கொடுத்திருந்தார்கள். அப்படி விழும்போது நீளமான துப்பாக்கி கையில் இருந்தால் எலும்பு முறியும். ஆகவே ஒரு யோசனை செய்தார்கள். துப்பாக்கியைத் தனியாக அனுப்பிவிடுவது.

ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். ஆள் ஒரு பாராசூட்டில். அவர் துப்பாக்கி பெட்டிக்குள், வேறொரு பாராசூட்டில். பெரும்பாலோர் கையில் ஒரு பிஸ்டல், ஒரு கத்தி, சில கையெறிகுண்டு. இதுதான் கேபின் பேக். மீதியெல்லாம் செக்-இன் லக்கேஜ். ஏர்போர்ட்டில் பெல்ட் முன்னால் நின்று நம் பெட்டி வருமா வராதா என்று எட்டிப் பார்க்கிற அவஸ்தை நமக்குத் தெரியும். அந்தப் பெல்ட்டின் எதிர்ப்புறம் நாற்பது நியூசிலாந்துக்காரர்கள் ரைஃபிளோடு உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

உடுப்பு இன்னொரு கதை. மே மாதக் கடைசியில், மத்தியதரைக் கடல் வெயிலில், கனமான கம்பளித் துணி. அதற்கு மேலே ஒரு அங்கி. உள்ளே இருக்கும் தோட்டாவை எடுக்க வேண்டுமென்றால் முதலில் அந்த அங்கியைக் கழற்ற வேண்டும். சண்டைக்கு நடுவில், எதிரியிடம் ஒரு நிமிஷம் டைம் கேட்டு.

விமானம் கிளம்புகிற இடமாவது உருப்படியா? கிரீஸின் மண் தளங்கள். டோப்போலியா என்ற தளத்தில், பாவம், யாரோ ஒரு முந்தைய அதிகாரி தரையைச் சமப்படுத்துகிறேன் என்று ஏர் விட்டு உழுதுவிட்டிருந்தார். மூன்று இன்ஜின் ஜங்கர்ஸ் விமானம் ஓட ஆரம்பித்தால் தூசி ஆளுயரம் அல்ல, மலையுயரம் எழும்பும். ஒரு கூட்டம் கிளம்பினால், அடுத்த கூட்டத்துக்குக் கண் தெரியக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். போதாக்குறைக்குப் பெட்ரோல் தட்டுப்பாடு. எண்ணெய்க் கப்பல் கொரிந்த் கால்வாய் வழியே வரவேண்டும். கால்வாயில் ஒரு பாலம் உடைந்து விழுந்து அடைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பாலத்தைப் பிடிக்க ஏப்ரல் 26இல் போய் இறங்கிய மகானுபாவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? ஸ்டூடெண்டின் இதே பாராசூட் படைதான். பாலத்தை முழுசாகக் கைப்பற்றினார்கள். பிறகு அது வெடித்தது. முக்குளிப்பவர்களை ஜெர்மனியிலிருந்து வரவழைத்து அடைப்பை எடுக்க வேண்டியதாயிற்று. கப்பல் வந்ததும் பீப்பாய் பீப்பாயாகக் கையால் பம்ப் அடித்து நிரப்பினார்கள். 17ஆம் தேதி வைத்த முகூர்த்தம் 20க்குத் தள்ளிப்போனது.

இவ்வளவையும் மேற்பார்வை பார்த்தபடி ஏதென்ஸில் ஸ்டூடெண்ட் உட்கார்ந்திருந்த ஹோட்டலின் பெயர் கிராண்ட் பிரெட்டான். அதாவது கிரேட் பிரிட்டன். தோற்கடிக்கப் போகிறவன் வீட்டிலேயே ரூம் போட்ட மாதிரி.

இந்தப் பக்கம் வருவோம். தீவைக் காக்க நியமிக்கப்பட்டவர் மேஜர் ஜெனரல் பெர்னார்ட் ஃப்ரைபெர்க். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம், அப்படிப்பட்ட ஆள். 1915இல் துருக்கிக் கரையோரம் உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு ராத்திரியில் தனியாக நீந்திப் போய்த் தீவட்டி கொளுத்தி, படையே வந்துவிட்டதாக எதிரியைப் பயமுறுத்தியவர். முதல் உலகப்போரில் விக்டோரியா கிராஸ். சர்ச்சில் ஒருமுறை அவர் சட்டையைக் கழற்றச் சொல்லித் தழும்புகளை எண்ணிப் பார்த்தாராம்: 27. குண்டு உள்ளே போனால் வெளியே வர வேண்டுமே, அதனால் ஒன்றுக்கு இரண்டு தழும்பு விழும் என்று அடக்கமாக விளக்கம் சொன்னாராம் ஃப்ரைபெர்க். 1925இல் ஆங்கிலக் கால்வாயையும் நீந்தப் போய், கரைக்குச் சில நூறு கெஜம் இருக்கும்போது கைவிட்டார். அதாவது, மனிதருக்கு வாழ்நாள் முழுக்கத் தண்ணீரோடுதான் சகவாசம். இந்தத் தகவலை மறந்துவிடாதீர்கள், மாலெமேயில் வேலை வரும்.

ஏனென்றால் ஃப்ரைபெர்க்கிடம் எந்தத் தளபதிக்கும் கிடைக்காத ஒன்று இருந்தது. எதிரியின் கேள்வித்தாள். ஜெர்மன் விமானப்படையின் சங்கேதச் செய்திகளை இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க்கில் உடைத்துப் படித்து, எங்கே, எப்போது, எத்தனை பேர் என்று கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அனுப்பிவைத்தார்கள். ரகசியம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக ஏதென்ஸில் ஓர் ஒற்றன் சொன்னதாக ஜோடனை. தாளைக் கையில் வைத்துக்கொண்டும் பிள்ளையாண்டான் எந்தக் கேள்விக்குப் படித்தான் தெரியுமா? கடல் வழித் தாக்குதலுக்கு. செய்தியில் கப்பல் பற்றி ஓரமாக ஒரு வரி இருந்தது. நீச்சல்காரர் கண்ணில் அதுதான் பெரிசாகப் பட்டது. படையில் கணிசமான பகுதி கடலைப் பார்த்து உட்கார்ந்தது.

இன்னொரு கூத்து. காப்பாற்ற முடியாது என்று மே 19 அன்று கடைசி பிரிட்டிஷ் விமானமும் தீவை விட்டுப் பறந்துவிட்டது. நல்லது. காலியான ஓடுதளத்தை வெட்டிக் குழி தோண்டி வைத்திருக்க வேண்டாமா? பின்னால் நமக்கே உதவும் என்று பத்திரமாக விட்டுவைத்தார்கள். உதவியது. முகவரிதான் கொஞ்சம் மாறிவிட்டது.

மே 20. காலை எட்டு மணி. ஃப்ரைபெர்க் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வானம் முழுக்க விமானம். கலர் கலராகப் பாராசூட் பூக்கிறது. தளபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டைமுக்கு வந்துவிட்டார்கள்" என்றார். தட்டுக்குத் திரும்பினார். உலகப்போரில் இதைவிடக் கெத்தான காலைச் சிற்றுண்டி இருந்திருக்க வாய்ப்பில்லை. அன்று அவர் சரியாகச் சொன்ன ஒரே விஷயமும் அதுதான்.

ஜெர்மன் தரப்பில் அதற்குள் முதல் கோணல். பாராசூட் டிவிஷனின் தலைவர் ஜெனரல் ஸூஸ்மன் கிளைடரில் வந்துகொண்டிருந்தார். வழியில் சொந்த நாட்டு ஹெய்ன்கெல் விமானம் ஒன்று ரொம்பக் கிட்டத்தில் உரசிப் போக, இழுவைக் கயிறு அறுந்தது. கிளைடர் ஏஜினா தீவின் பாறைகளில் விழுந்து ஜெனரலும் கூட இருந்தவர்களும் இறந்தார்கள். கிரீட் அங்கிருந்து இன்னும் எவ்வளவோ தூரம். மாலெமேயில் இறங்கிய தாக்குதல் ரெஜிமெண்டின் தலைவர் மைன்டல் தரையைத் தொட்ட கொஞ்ச நேரத்திலேயே குண்டடி பட்டார். உத்தரவு கொடுக்க வேண்டியவர்கள் எல்லாரும் ஒன்பது மணிக்குள் லிஸ்ட்டிலிருந்து காலி.

குதித்தவர்களில் ஒரு செலிபிரிட்டியும் உண்டு. மாக்ஸ் ஷ்மெலிங், முன்னாள் உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியன். 1936இல் ஜோ லூயிஸை வீழ்த்தி ஹிட்லரின் செல்லப்பிள்ளை ஆனவர். 1938இல் அதே ஜோ லூயிஸிடம் 124 விநாடியில் சுருண்டு, செல்லம் குறைந்தவர். கிரீட்டுக்குக் கிளம்பும் முன் அவருக்குப் பயங்கர வயிற்றுப்போக்கு. உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். டாக்டர்களும் கிரீட்டுக்குத்தான் வருகிறார்கள், அங்கே போய்க் காட்டிக்கொள் என்று பதில் வந்ததாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குதித்தார். மேலே சொன்ன அந்த அங்கியைக் கழற்றும் சிரமத்தை இந்த இடத்தில் இன்னொரு முறை எண்ணிப் பார்க்கவும். செத்துவிட்டார் என்று உலகப் பத்திரிகைகள் அறிவித்தன. அவர் 2005 வரை, 99 வயது வரை, ஜோராக இருந்தார். அது மட்டுமா, பிரிட்டிஷ்காரர்கள் கைதிகளைக் கொடுமைப்படுத்தியதைப் பார்த்தீர்களா என்று கேட்ட அமெரிக்க நிருபரிடம், அப்படி எதையும் நான் பார்க்கவில்லையே என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். ஹிட்லரின் பிரசார மந்திரி கோயபல்ஸுக்கு வந்த கோபத்தில் அவருக்கும் வயிற்றைக் கலக்கியிருக்கும்.

சாதாரணச் சிப்பாய்களுக்கு இந்தச் சிரிப்பெல்லாம் இல்லை. மாலெமேக்குக் கிழக்கே, ஆளே இல்லை என்று உளவுத்துறை சத்தியம் செய்த ஆலிவ் தோப்புகளில் ஒரு பட்டாலியன் குதித்தது. தோப்பு முழுக்க நியூசிலாந்துக்காரர்கள். 600 பேரில் முதல் நாளே சுமார் 400 பேர் போய்விட்டார்கள். பலர் தரையைத் தொடவே இல்லை. தொட்டவர்கள் பெட்டியைத் தேடி ஓடினார்கள். பெட்டிகளில் பாதி எதிரி பக்கம்.

பெட்டிகளை எதிரி விடுவானா? ரெதிம்னோவிலும் ஹெராக்லியோனிலும் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் வீரர்கள் பிடிபட்ட ஸ்வஸ்திகா கொடியைத் தரையில் விரித்து வைத்தார்கள். ஜெர்மன் விமானி பார்த்தான்: அட, நம்ம பசங்க! ஆயுதம், தோட்டா, மருந்து என்று பொட்டலம் பொட்டலமாகப் போட்டுவிட்டுக் கையசைத்துப் போனான். டெலிவரி சார்ஜ்கூட வாங்கவில்லை.

அப்புறம் மேஜர் போக்கின் ரசிகர்கள். கிரீட் ஜனங்களுக்குத் துருக்கியர்களோடு பல தலைமுறைப் பகை. வீட்டுக்கு வீடு துப்பாக்கி வைத்திருந்த ஊர். 1938இல் தன்னை எதிர்த்துக் கலகம் செய்தார்கள் என்பதால் கிரேக்கச் சர்வாதிகாரி மெடாக்ஸஸ் ஆயுதங்களைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார். பரணில் ஒளித்த தாத்தா காலத்துத் துப்பாக்கி, அரிவாள், கோடாலி என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிழவர்கள், பெண்கள், பாதிரியார்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். கஸ்தேலி என்ற ஊரில் எழுபது சொச்சம் ஜெர்மன்காரர்கள் இறங்கினார்கள். பிழைத்த கொஞ்சப் பேரை நியூசிலாந்து அதிகாரி ஒருவர் ஊர் ஜெயிலில் போட்டுப் பூட்டினார். தண்டனைக்காக அல்ல. ஊர்க்காரர்களிடமிருந்து காப்பாற்ற.

காலடாஸ் கிராமத்துப் பக்கம் இன்னொரு காட்சி. பிரிட்டிஷ் கேப்டன் மைக்கேல் ஃபாரஸ்டர். அரை டிரவுசர், அதை மறைக்கிற அளவு நீளமான மஞ்சள் ஸ்வெட்டர், வாயில் விசில். விசில் அடித்துக்கொண்டே ஓடுகிறார். பின்னால் கிரேக்கச் சிப்பாய்களும் ஊர்ஜனமும் கூச்சல் போட்டபடி. ஐரோப்பாவையே நடுங்க வைத்த பாராசூட் வீரர்கள் திரும்பி ஓடினார்கள். பி.டி. வாத்தியாரைக் கண்டால் யாருக்குத்தான் பயம் வராது!

ஹெராக்லியோனில் ஜான் பெண்டில்பரி. தொல்பொருள் அறிஞர், ஒரு காலத்தில் க்னாஸோஸ் அரண்மனை இடிபாடுகளுக்குப் பொறுப்பாளர். போர் வந்ததும் துணைத் தூதர் வேஷத்தில் பிரிட்டிஷ் உளவாளி. ஒரு கண் கண்ணாடிக் கண். மலைக்குள் போய்க் கிராமத்தாரைத் திரட்டும் நாட்களில் அந்தக் கண்ணைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுப் போவாராம். ஆள் வெளியூர் என்று அர்த்தம். கைத்தடிக்குள் ஒரு வாள் ஒளித்திருப்பார். பாராசூட்டில் வருகிறவனைக் குத்த இதைவிடச் சிறந்த ஆயுதம் கிடையாது என்று பீற்றிக்கொள்வார். அந்த மே மாதமே ஜெர்மன்காரர்கள் அவரைப் பிடித்துச் சுட்டுக் கொன்றார்கள். ரகசிய ஏஜெண்ட் என்றால் ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது என்பது விதி. பெண்டில்பரியைத் தெரியாதவர் ஊரிலேயே இல்லை.

முதல் நாள் இரவு. நாலு புள்ளியில் ஒன்றுகூட ஜெர்மன் கையில் இல்லை. கோலம் சிக்கலாகிக் கிடந்தது. ஸ்டூடெண்ட் ஹோட்டலில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் பிரிட்டிஷ் தரப்பு அவருக்குக் கைகொடுக்க முன்வந்தது.

மாலெமே ஓடுதளத்தைப் பார்த்தபடி இருக்கும் குன்றுக்கு 107 என்று பெயர். அதைக் காத்தவர் லெஃப்டினன்ட் கர்னல் லெஸ்லி ஆண்ட்ரூ, அவரும் முதல் உலகப்போரில் விக்டோரியா கிராஸ் வாங்கியவர். ரேடியோ மக்கர். உதவி கேட்டு வானத்தில் சிக்னல் விட்டார், புகையிலும் தூசியிலும் யாருக்கும் தெரியவில்லை. கையில் இரண்டு டாங்கி இருந்தது, அனுப்பினார். ஒன்றில் குண்டு பீரங்கிக்குள் நுழையவில்லை, சைஸ் வேறு, மேல்பாகமும் திரும்பவில்லை. இன்னொன்று ஆற்றுப் படுகையில் பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. முன்வரிசைக் கம்பெனிகள் அழிந்துவிட்டன என்று நினைத்த ஆண்ட்ரூ, நான் பின்வாங்கலாமா என்று பிரிகேடியர் ஹார்ஜெஸ்ட்டிடம் கேட்டார். ஹார்ஜெஸ்ட் சில மைல் பின்னால் இருந்தார். சொந்த ஊரில் பாராளுமன்ற உறுப்பினர். பதிலைக் கேளுங்கள்: "வேண்டுமென்றால் வேண்டியதுதான்." நாளைக்கு விசாரணைக் கமிஷன் வந்தாலும் சிக்காத வாக்கியம். அரசியல்வாதி அரசியல்வாதிதான்.

ஆண்ட்ரூ பின்வாங்கினார். செத்துப்போனதாக நினைத்த முன்வரிசைக் கம்பெனிகள் உயிரோடு, பசியோடு, அங்கேயே இருந்தன. விடியுமுன் பார்த்தால் தலைமை இடத்தைக் காணோம். ஒரு கம்பெனி பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஜெர்மன்காரர்களைத் தாண்டி நுனிக்காலில் நடந்து வந்து சேர்ந்தது. ராத்திரி லேட்டாக வீட்டுக்கு வந்த எல்லாருக்கும் தெரிந்த டெக்னிக்தான்.

காலையில் ஸ்டூடெண்ட், கேப்டன் கிளைய் என்பவரை அழைத்து, மாலெமேயில் ஒரு விமானத்தை இறக்கிப் பார்த்துவிட்டு வா என்றார். அவர் போனார். இறங்கினார். குண்டு வந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவு இல்லை. திரும்பக் கிளம்பியும் வந்துவிட்டார். சாயங்காலம் மலைப்படை வந்து இறங்க ஆரம்பித்தது. பீரங்கிக் குண்டுக்கு நடுவே விமானங்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. பிடிபட்ட பிரிட்டிஷ் வண்டி ஒன்றை வைத்தே நொறுங்கியவற்றை இழுத்து ஒதுக்கி இடம் பண்ணினார்கள். பார்க்கிங் நன்றாகப் பராமரிக்கப்பட்டிருந்தது அல்லவா.

எதிர்த்தாக்குதல் நடத்தவில்லையா என்றால், நடத்தினார்கள். கடலோரம் காத்த பட்டாலியன் தன் இடத்தை விட்டு நகர வேண்டுமென்றால், அந்த இடத்துக்கு இன்னொரு பட்டாலியன் லாரியில் வந்து சேர வேண்டும் என்று ஃப்ரைபெர்க் கட்டளை. கடல் வழியே யாராவது வந்துவிட்டால்? முதல் நாளே ஜெர்மன் படைப்பிரிவு ஒன்றின் முழு உத்தரவுத் தாளும் கையில் சிக்கியது. பத்திரிகையாளராக இருந்து பட்டாளத்தில் சேர்ந்த ஜெஃப்ரி காக்ஸ் அதை மொழிபெயர்த்தும் கொடுத்தார். அப்படியும் தளபதியின் கண் கடலை விட்டு அகலவில்லை. லாரி லேட். ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டிய தாக்குதல் மூன்றரைக்குக் கிளம்பி, குன்றை நெருங்கும்போது பொழுது விடிந்து, தலைக்கு மேல் ஜெர்மன் விமானம் ரெடி.

அந்தப் புகழ்பெற்ற கடற்படையும் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். கிரேக்க மீன்பிடிப் படகுகள் இருபது சொச்சம். காவலுக்கு ஒரு சின்ன இத்தாலியப் போர்க்கப்பல். பிரிட்டிஷ் கடற்படை நடுராத்திரியில் அவற்றைப் பிடித்து துவம்சம் செய்துவிட்டது. இந்தப் படகுகளுக்குப் பயந்துதான் ஓடுதளத்தைக் கோட்டை விட்டார்கள். கிரீட் சண்டை முடிவதற்குள் பிரிட்டிஷ் கடற்படை மூன்று க்ரூஸர்களையும் ஆறு டெஸ்ட்ராயர்களையும் இழந்தது, பெரும்பாலும் ஜெர்மன் விமானங்களிடம்.

கிரேக்க மன்னர் இரண்டாம் ஜார்ஜ் வேறு தீவில் இருந்தார். அவர் தங்கியிருந்த வீட்டுப் பக்கத்திலேயே பாராசூட் இறங்க, நியூசிலாந்துக் காவலோடு வெள்ளை மலைகளைத் தாண்டி, தெற்குக் கரையில் கப்பல் ஏறினார். ஒரு வாரம் கழித்து ஃப்ரைபெர்க்கின் படையும் அதே மலைகளைத் தாண்டி, கப்பல் ஏற, தெற்குக் கரையின் ஸ்ஃபாக்கியாவுக்கு ஓடியது. ராஜா வழி காட்டினால் குடிகள் பின்பற்ற வேண்டியதுதானே. ஜூன் 1 அன்று எல்லாம் முடிந்தது. இத்தாலியர்களும் கிழக்குக் கோடியில் வந்து இறங்கினார்கள், மே 28இல், பந்தி முடிகிற நேரத்தில்.

ஜெயித்த ஜெர்மனிக்குச் செத்தும் காணாமலும் போனவர்கள் கிட்டத்தட்ட 4,000 பேர். அரிவாளோடு எதிர்த்த கிழவிகளை ஸ்டூடெண்டால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பழிவாங்க உத்தரவு போட்டார். கொண்டோமாரி கிராமத்து ஆண்களை ஆலிவ் மரத்தடியில் நிறுத்திச் சுட்டார்கள். கண்டானோஸ் ஊரையே தரைமட்டமாக்கினார்கள். போருக்குப் பின் கிரேக்கம் கேட்டும் ஸ்டூடெண்டை ஒப்படைக்கவில்லை. இந்தப் பத்தியில் ஜோக் கிடையாது.

ஹிட்லர் அந்த ஜூலையில் ஸ்டூடெண்டைக் கூப்பிட்டு, பாராசூட் படைகளின் காலம் முடிந்துவிட்டது என்றார். எதிரி எதிர்பார்க்காதவரைதான் அது பலிக்கும், இனி பலிக்காது. கடை மூடல். இதே சண்டையைத் தோற்ற பக்கத்தில் இருந்து பார்த்த சர்ச்சிலோ, ஆஹா, என்ன அருமையான ஐடியா, நமக்கு ஏன் இல்லை என்று அதிகாரிகளைப் பிடித்து உலுக்கினார். அமெரிக்காவும் டிவிஷன் டிவிஷனாகப் பாராசூட் வீரர்களைத் தயார் செய்தது. ஜெயித்தவன் டியூஷன் சென்டரைப் பூட்டினான், தோற்றவன் அதே சிலபஸை வாங்கி யூனிவர்சிட்டி ஆரம்பித்தான்.

1944 செப்டம்பர் 17. ஹாலந்தில் ஃபுக்ட் என்ற ஊர். ஸ்டூடெண்ட் அங்கே தன் வீட்டுப் பால்கனியில் நிற்கிறார். தலைக்கு மேலே நேச நாடுகளின் விமானங்களும் கிளைடர்களும் நூற்றுக்கணக்கில், கணக்கில்லாமல் போய்க்கொண்டே இருக்கின்றன. எதிரியின் தாக்குதலைப் பார்க்கும் தளபதிக்கு வர வேண்டியது பயம், கோபம். இவருக்கு வந்தது பொறாமை. இவ்வளவு விமானம் ஒரே ஒரு தடவை என் கையில் இருந்திருந்தால் என்று பக்கத்தில் இருந்தவரிடம் ஏங்கினார். அன்றைக்குள் அந்தப் பக்கமாக ஒரு கிளைடர் விழுந்தது. உள்ளே, எடுத்துவரவே கூடாத ஒரு ஃபைலை யாரோ அக்கறையாக எடுத்து வந்திருந்தார்கள். சில மணி நேரத்தில் மொத்தத் தாக்குதலின் உத்தரவும் ஸ்டூடெண்டின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. இந்தத் தடவை லக்கேஜ் சரியான ஆளிடம் போயிருந்தது.